நூறு வெள்ளியும் ஓர் உயிரும்

2024 ஜூலை மாதத்தின் நடுவில் ஒரு நாள். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றும் நேரத்தில் ஓர் அழைப்பு வந்தது. காப்பாரிலிருந்து ஓர் அம்மா. அவர் பாட்டுக் கேட்க அழைக்கவில்லை.

“தங்கச்சி, ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளையை அப்படிப் பேசினதுக்கு நூறு வெள்ளிதானா? என் மகன் காடியைத் தப்பான இடத்துல நிறுத்திட்டு அதைவிடக் கூட சமன் கட்டியிருக்கான்லா.”

என்னிடம் பதில் இல்லை. “சட்டம் அப்படி இருக்கும்மா” என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவர் விடவில்லை. “என் மகளும் டிக்டாக்ல இருக்கா. அதான் கேட்டேன்” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் என்னோடு வீடுவரை வந்தது.

அவர் கேட்டது ஈஷாவைப் பற்றி. ராஜேஸ்வரி அப்பாவு என்ற அந்த இளம்பெண்ணை டிக்டாக்கில் ஈஷா என்ற பெயரில் நம்மில் பலருக்குத் தெரியும். இணையத்தில் தொடர்ந்து வந்த வசைகளுக்கும் மிரட்டல்களுக்கும் பிறகு, 2024 ஜூலை 5ஆம் தேதி அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குச் சற்று முன் போலீஸில் புகாரும் செய்திருந்தார். அந்த மாதமே இருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். குற்றத்தை ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு ஜூலை 16ஆம் தேதி விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். மற்றவருக்குப் பின்னர் ஓராண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் மக்கள் மனத்தில் நின்றது அந்த நூறு வெள்ளிதான்.

கோபம் நீதிமன்றத்தின் மீது திரும்பியது. உண்மையில் அங்கே கைகட்டி நின்றது சட்டம். அந்தப் பெண்மீது சாட்டப்பட்டது 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவு. பொது இடத்தில் இழிவாக நடந்துகொள்பவருக்கான பிரிவு அது. அதன் உச்சத் தண்டனையே 100 ரிங்கிட்தான். சுதந்திரத்துக்கு முன், சந்தையிலும் தெருமுனையிலும் நடக்கும் வாய்ச்சண்டையை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். தெருச் சண்டையை இருபது பேர் பார்ப்பார்கள். பொழுது சாய்ந்தால் கலைந்துவிடுவார்கள். கைப்பேசியில் நடக்கும் சண்டை நள்ளிரவில் படுக்கைவரை வரும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

2025 ஜூலையில் ஈஷா மறைந்து ஓராண்டு கடந்தது. அந்த மாதம் 11ஆம் தேதி, அந்த அம்மாவின் கேள்விக்கான பதிலும் நடைமுறைக்கு வந்தது.

என்ன மாறியிருக்கிறது?

இரண்டு மாற்றங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு. ஆபாசமான, பொய்யான, மிரட்டலான உள்ளடக்கத்தை அனுப்புவதைப் பற்றியது. இதற்கு முன்பு அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட், சிறை ஓராண்டு. 2025 பிப்ரவரி 11 முதல் அபராதம் 500,000 ரிங்கிட் வரை, சிறை இரண்டாண்டு வரை, அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் சிறை ஐந்தாண்டு வரை போகலாம்.

இரண்டாவது, தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை சேர்ந்துள்ள புதிய பிரிவுகள். பகடிவதைக்கு என்றே எழுதப்பட்டவை. நேரிலோ இணையத்திலோ மிரட்டியும் இழித்தும் ஒருவரை அலைக்கழிப்பது இப்போது தனிக் குற்றம். வேண்டுமென்றே செய்தால் மூன்றாண்டு வரை சிறை. ஒருவரைத் தொல்லைப்படுத்த அவருடைய முகவரி, தொலைபேசி எண், வேலையிடம் போன்றவற்றை வெளியிடுவதும் குற்றம். அதற்கும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அப்படிப்பட்ட தூண்டுதலால் ஒருவர் தற்கொலைக்கு முயன்றாலோ உயிரிழந்தாலோ தண்டனை பத்தாண்டு வரை.

நூறு வெள்ளியிலிருந்து பத்தாண்டு. ஓராண்டில் சட்டம் நடந்த தூரம் இது. அண்டை நாடான சிங்கப்பூர் தொல்லைத் தடுப்புச் சட்டத்தை 2014லேயே கொண்டுவந்துவிட்டது. நாம் அதைத் தொட ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. ஓர் உயிர் என்பதும் சரியில்லை. 2020 மே மாதத்தில் பினாங்கில் 20 வயது இளம்பெண் ஒருவர் இறந்தார். வேலையிடத்தில் விளையாட்டாக எடுத்த ஒரு டிக்டாக் காணொளியை யாரோ முகநூலில் போட்டுக் கேலி செய்ததும், அதன் கீழே குவிந்த கருத்துகளும்தான் காரணம் என்று அப்போதும் பேசினோம். பிறகு மறந்துவிட்டோம்.

புதிய சட்டம் பழைய செயலுக்குப் பாயாது. நடந்த காலத்தில் என்ன தண்டனை இருந்ததோ அதற்கு மேல் யாருக்கும் விதிக்கக்கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 7ஆவது பிரிவு சொல்கிறது. எனவே ஈஷாவுக்கு இந்தச் சட்டம் எதுவும் செய்யப்போவதில்லை. இனி வருபவர்களுக்குத்தான்.

233ஆம் பிரிவைப் பற்றி வேறொரு கவலையும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். அதன் சொற்கள் மிக அகலமானவை, அரசாங்கத்தைக் குறை சொல்பவர்கள் மீதும் பாய்கின்றன என்று வழக்கறிஞர்களும் ஆர்வலர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கருத்துரிமை நமக்கு அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு தந்தது; அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சாலையில் குழி இருக்கிறது என்று எழுதுங்கள். அமைச்சரின் முடிவு தவறு என்று காரணத்தோடு எழுதுங்கள். ஒருவரின் செயலைக் கேள்வி கேட்பது வேறு. அவருடைய உடலை, சாதியை, தாயை, படுக்கையை இழுப்பது வேறு. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சட்டம் படிக்காமலே சொல்வார்கள்.

“நான் அப்படியெல்லாம் எழுத மாட்டேன்”

இதுவரை படித்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால் என் கதையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் புலனத்துக்கு ஒரு படம் வந்தது. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அருகே நின்ற வெள்ளை வேன். எண்பட்டை தெளிவாகத் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் இருந்தார். கீழே, ‘பிள்ளை பிடிப்பவன், பெற்றோர்களே கவனம்’ என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் எனக்குத் தெரிந்தவர், நல்லவர். என் பக்கத்தைப் பல ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். எச்சரிக்கை பலரைச் சேரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் உடனே பகிர்ந்தேன். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் என்னிடமிருந்து அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மறுநாள் மாலை அவரே அழைத்தார். அவர் வாடகை வேன் ஓட்டுபவர். அன்றைக்குத் தம் அக்கா மகளை ஏற்றிக்கொண்டு போகக் காத்திருந்திருக்கிறார். படம் பரவியதும் வழக்கமாகப் பிள்ளைகளை ஏற்றும் மூன்று குடும்பங்கள் அவரை நிறுத்திவிட்டன. பெட்ரோல் நிலையத்தில் இருவர் வேனைச் சூழ்ந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“சிஸ்டர், நீங்க ரேடியோல பேசறவங்க. நீங்க போட்டதால எல்லாரும் உண்மைன்னு நம்பிட்டாங்க” என்றார்.

உடனே அழித்தேன். மன்னிப்புக் கேட்டுப் பதிவு போட்டேன். என் பக்கத்தில் முதல் பதிவைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட மன்னிப்பைப் பார்க்கவில்லை. அழித்த படம் வேறு குழுக்களில் மாதக்கணக்கில் சுற்றியது. அவர் என்மீது வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தப்பிக்க வழி இருந்திருக்காது.

இதழியலில் பட்டம் பெற்றவள் நான். இரு தரப்பையும் கேட்ட பிறகே செய்தி சொல்ல வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் வகுப்பில் படித்தேன். கைப்பேசியைக் கையில் எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

பகிர்ந்தவரும் எழுதியவரே

‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பது நம் குழுக்களில் அதிகம் கேட்கும் வாக்கியம். சட்டத்தின் முன் அதற்கு அதிக மதிப்பில்லை. அவதூறான செய்தியைப் பகிர்பவரும் அதை வெளியிட்டவராகவே கருதப்படுவார். ‘கிடைத்தபடி’ என்று மேலே ஒரு சொல் சேர்ப்பதால் பொறுப்பு குறையாது.

1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு 114ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உங்கள் பெயரிலோ படத்திலோ உள்ள கணக்கிலிருந்து ஒரு பதிவு வந்தால் அதை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இணையச் சேவைக்குப் பதிவு செய்தவருக்கும் இது பொருந்தும். ‘நான் இல்லை’ என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது. பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுத் தூங்கும் அப்பாக்களும், கடவுச்சொல்லை நண்பரிடம் சொல்லி வைத்திருக்கும் இளைஞர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பிரிவின் பலத்தை நாடே பார்த்தது. மலேசியாகினி செய்தித்தளத்தில் ஒரு செய்தியின் கீழ் வாசகர்கள் எழுதிய கருத்துகள் நீதித்துறையை இழிவுபடுத்தின என்று வழக்கு வந்தது. எழுதியது வாசகர்கள். ஆனால் 2021 பிப்ரவரி 19ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்தச் செய்தித்தளத்துக்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. பெரிய ஊடகத்துக்கே இந்த நிலை. புலனக் குழுவுக்கோ முகநூல் பக்கத்துக்கோ நிர்வாகியாக இருப்பவர்கள், டிக்டாக் நேரலை நடத்துபவர்கள் எல்லாரும் இதில் பாடம் கற்கலாம். உங்கள் வீட்டு முற்றத்தில் யாரோ ஒருவரை மற்றவர் அடிக்கும்போது, ‘அடித்தது நான் இல்லையே’ என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. கருத்தை நீக்குங்கள், ஆளைக் குழுவிலிருந்து நீக்குங்கள்.

அவதூறு வழக்கைப் பற்றி ஒரு தகவல். தீபகற்ப மலேசியாவில் வழக்குத் தொடர ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கோபத்தில் போட்ட பதிவு இன்றும் உங்களைத் தேடி வரலாம். பொய்யான பழியைப் பரப்பினால் உரிமையியல் வழக்கோடு தண்டனைச் சட்டத்தின் கீழும் வழக்கு வர இடமுண்டு.

சாப்பாட்டுக் கடையும் அலுவலகமும்

‘அப்படியானால் ஒன்றுமே எழுதக்கூடாதா?’ என்று பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்யும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். ஒரு கடையில் சாப்பிட்டு வயிறு கெட்டுப் போன கோபம் அவருக்கு.

எழுதலாம். எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. ‘நேற்று மதியம் இங்கே மீன் கறி சாப்பிட்டேன். மீன் பழையதாக இருந்தது. கடைக்காரரிடம் சொன்னேன், மாற்றித் தரவில்லை’ என்பது உங்கள் அனுபவம். ரசீதும் படமும் கையில் இருந்தால் உங்கள் பக்கம் நியாயம் நிற்கும். ‘இவன் திருடன், ஊரை ஏமாற்றுகிறான், கெட்டுப் போனதைத்தான் எல்லாருக்கும் போடுகிறான்’ என்பது தீர்ப்பு. அதை நிரூபிக்கும்படி நீதிமன்றம் கேட்டால் உங்களிடம் இருப்பது ஒரு நாள் வயிற்று வலி மட்டும்தான். உண்மை நல்ல கவசம்தான். ஆனால் அது உண்மை என்று காட்ட வேண்டியவர் எழுதியவர். அந்தத் தம்பியிடம், வயிறு சரியான பிறகு எழுதுங்கள் என்றேன். எழுதினார், நாகரிகமாகவே எழுதினார். கடைக்காரர் அழைத்து மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு சொன்னார்.

வேலைக்குப் போகும் இளையோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு எடுத்த நாளில் போர்ட்டிக்சன் கடற்கரையில் எடுத்த படம், முதலாளியைப் பற்றிய கிண்டல், வாடிக்கையாளரின் பெயர் தெரியும் கணினித் திரை, இவையெல்லாம் விளக்கக் கடிதத்தில் தொடங்கி வேலை நீக்கத்தில் முடியக்கூடும். ‘என் கணக்கு பூட்டியிருக்கிறது, நண்பர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள்’ என்று சொல்வார்கள். அந்த நண்பர்களில் ஒருவர் எடுக்கும் திரைப்படம் போதும். மனிதவளப் பிரிவுக்கு அதை அனுப்புபவர் பெரும்பாலும் பக்கத்து மேசைக்காரராகத்தான் இருப்பார்.

பாசத்தில் கொடுத்துவிடும் தகவல்கள்

சட்டச் சிக்கல் ஒரு பக்கம். நாமே பெருமையில் திறந்து வைக்கும் கதவுகள் மறுபக்கம்.

எஸ்பிஎம் முடிவு வந்த நாளில் முகநூலைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் சான்றிதழை அப்படியே படமெடுத்துப் போட்டிருப்பார்கள். அதில் முழுப் பெயர் இருக்கிறது, அடையாள அட்டை எண் இருக்கிறது, பள்ளி இருக்கிறது. நம் அடையாள அட்டையின் 12 எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். மோசடிக்காரன் வங்கி அதிகாரியாக நடித்து அழைக்கும்போது இந்த விவரங்களைச் சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். ‘ஏ’க்களைக் காட்டுங்கள், எண்களை விரலால் மறைத்துப் படமெடுங்கள்.

சீருடையில் பிள்ளை, சட்டையில் பள்ளிச் சின்னம், கீழே பாலர் பள்ளியின் பெயர், தினமும் ஒரே நேரத்தில் போடும் படம். இவற்றைச் சேர்த்தால் அந்தக் குழந்தை எங்கே எப்போது இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். தீபாவளிக்குக் கம்பத்துக்குக் கிளம்பும்போது, ‘வீட்டைப் பூட்டியாச்சு, ஈப்போவுக்குப் போறோம், ஒரு வாரம் ஜாலி’ என்று போடும் பதிவும் அப்படித்தான். திரும்பி வந்த பிறகு படங்களைப் போட்டாலும் ‘லைக்’ குறையாது.

உறவினர் வீட்டுக் குழந்தையின் படத்தைப் போடும் முன் அதன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் தாத்தாவின் படத்தையும் இறப்பு வீட்டுப் படத்தையும் போடும் முன் அந்த வீட்டாரிடம் கேளுங்கள். ஒரு மாமாவின் மரணத்தை அவருடைய மகள் முகநூலில் பார்த்துத் தெரிந்துகொண்ட வீட்டை எனக்குத் தெரியும். அந்த இரண்டு குடும்பங்களும் இன்றும் பேசிக்கொள்வதில்லை. எந்தச் சட்டத்திலும் அதற்கு வழக்கு இல்லை.

பார்ப்பவர்களுக்கும் பங்கு உண்டு

ஈஷாவுக்குத் திரும்பி வருகிறேன். அவரைத் திட்டியவர்கள் வேறு நாட்டிலிருந்து வரவில்லை. நம் மொழியில்தான் திட்டினார்கள். நம் பாட்டுகளைக் கேட்பவர்கள், நம் கோயில் திருவிழாக்களில் நிற்பவர்கள். அதைப் பார்த்தவர்களும் நாம்தான்.

டிக்டாக் நேரலையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் மேலே ஓடும். திட்டுபவருக்கு அந்த எண்தான் கூலி. சிலர் பரிசு அனுப்புகிறார்கள். அது அவருக்குப் பணமாகவே சேரும். சிலர் சிரிக்கும் முகத்தைத் தட்டிவிடுகிறார்கள். பெரும்பாலோர் எதுவும் எழுதாமல், ‘என்னதான் நடக்குது பார்ப்போம்’ என்று உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் கலைந்தால் சண்டையும் கலையும் என்பது சந்தையில் மட்டுமில்லை, இங்கேயும் உண்மை.

நானும் அப்படிப்பட்ட நேரலைகளில் சில நிமிடம் நின்று பார்த்திருக்கிறேன். ‘நிகழ்ச்சிக்குப் பேசுபொருள் கிடைக்கும்’ என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பார்வையாளர் எண்ணிக்கையில் நானும் ஒன்றாக இருந்தேன் என்பதை ஈஷா இறந்த பிறகுதான் யோசித்தேன். பத்தாண்டுச் சிறை சொல்லும் புதிய சட்டமும் பார்த்தவர்களைத் தொடாது. தொடவும் முடியாது. அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். வெளியேறுங்கள், ‘ரிப்போர்ட்’ செய்யுங்கள், முடிந்தால் திட்டு வாங்குபவருக்குத் தனியாக, ‘நான் இருக்கிறேன், சாப்பிட்டாயா?’ என்று ஒரு செய்தி அனுப்புங்கள்.

உங்களுக்கே நடந்தால்

பதில் பேசாதீர்கள். உங்கள் பதிலையும் வெட்டி ஒட்டி அடுத்த காணொளி வரும்.

அழிக்கும் முன் சேமியுங்கள். பதிவு, கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி திரைப்படம் எடுங்கள். நேரலை என்றால் திரையைப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியை நம்பிக்கையானவரிடம் அனுப்பி வையுங்கள். அதன் பிறகு தடை செய்யுங்கள்.

போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் செய்யலாம். ஆதாரங்களை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். புகாரின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். 2025 ஜூலை 11 முதல் பகடிவதைக்குத் தனிப் பிரிவுகள் உண்டு என்பதைச் சொல்லுங்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் இலவச எண் 1-800-188-030. டிக்டாக், புலனம் போல நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் தளங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் இருக்கிறது. எனவே அந்தத் தளங்களுக்கும் பொறுப்பு கூடியிருக்கிறது. தளத்திலேயே புகார் செய்ததற்கான பதிலையும் சேமித்து வையுங்கள்.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். இது எல்லாவற்றையும் விட முக்கியம். பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை சொல்ல வரும்போது, ‘யார் உன்னை வீடியோ போடச் சொன்னது?’ என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்வியைப் பிறகு எப்போதாவது கேட்டுக்கொள்ளலாம். கைப்பேசியைப் பிடுங்கினால் பிரச்சினை முடியாது. அடுத்த முறை பிள்ளை சொல்லாது, அவ்வளவுதான்.

மனம் தாங்கவில்லை என்றால் பேச ஆட்கள் இருக்கிறார்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929, இரவும் பகலும். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண்: 15555. தாலியான் காசே: 15999. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய பிரிவை 2023இலேயே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ‘சொன்னால் போலீஸ் பிடிக்கும்’ என்ற பயம் இனி வேண்டாம்.

தவறு உங்களுடையது என்றால்

எல்லாருக்கும் நடக்கும், எனக்கு நடந்ததைச் சொன்னேன். பதிவை உடனே நீக்குங்கள். எங்கே போட்டீர்களோ அங்கேயே திருத்தத்தையும் போடுங்கள். ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று சுற்றி வளைக்க வேண்டாம். ‘நான் சொன்னது தவறு, மன்னிக்கவும்’ என்று நான்கே சொற்களில் சொல்லுங்கள். யாருக்கெல்லாம் பகிர்ந்தீர்களோ அவர்களுக்கும் அனுப்புங்கள். வழக்கறிஞர் கடிதம் வந்துவிட்டால் அதைப் படமெடுத்து அடுத்த பதிவாகப் போடாதீர்கள். அமைதியாக ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம்.

வானொலிக்கு வந்த புதிதில் ஒரு மூத்த அறிவிப்பாளர் எனக்குச் சொன்னது இன்றும் பயன்படுகிறது. “சிவப்பு விளக்கு அணைந்திருந்தாலும் மைக் திறந்திருக்குன்னு நினைச்சே பேசும்மா.” நேயர்களின் அழைப்பை நேரலையில் எடுக்கும்போது, தகாத சொல் வந்தால் வெட்டுவதற்காகச் சில வினாடிகள் தாமதித்து ஒலிபரப்பும் வழக்கம் வானொலியில் உண்டு. கைப்பேசியில் அந்த வசதி இல்லை. அந்தச் சில வினாடிகளை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் இப்போது ஒன்றே ஒன்று செய்கிறேன். எழுதியதை அனுப்பும் முன், யாரைப் பற்றி எழுதினேனோ அவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். குரல் தயங்கினால் அழித்துவிடுகிறேன். நிறைய அழித்திருக்கிறேன்.

காப்பார் அம்மா 2025 ஜூலையிலும் அழைத்தார். புதிய சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பத்தாண்டு என்றதும் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார்.

“சந்தோஷம் தங்கச்சி. ஆனா அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கு யார் போன் பண்ணுவா?”

இந்த முறையும் என்னிடம் பதில் இல்லை. பிறகு அவருடைய மகளைப் பற்றிக் கேட்டேன். இன்னும் டிக்டாக்கில்தான் இருக்கிறாளாம். சமையல் காணொளி போடுகிறாளாம். அம்மாதான் படம் பிடிக்கிறாராம்.